நிலைவாசலுக்குள் நுழையும் ரயில் மேடை: காரைக்குடிப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியை அடுத்த ஊர் ஒன்றில், பழைய நகரத்தார் வீட்டின் பட்டாலையில் (முன்கூடத்தில்), ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று மாதிரி ரயில் அமைப்பு ஒன்றை உருவாக்கி வந்தது. அவர்களில் ஒருவர் அந்த வீட்டில் பங்குடையவர். மற்றொருவர் ரயில்வேயில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஐந்தாமவர் பொறியியல் மாணவர். அளவுகளையும் எடைகளையும் குறித்து வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், இந்தப் பதிவை எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

திருச்சி–மானாமதுரைப் பாதையில் செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி என்று அடுத்தடுத்து வரும் நிலையங்களின் சாயலில் ஒரு சிறிய நிலையத்தை அமைப்பதே அவர்களுடைய எண்ணம். அளவு 1:87, அதாவது எச்.ஓ.; தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ. இடைவெளியை இந்த விகிதத்தில் சுருக்கினால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும் என்பதும், கடையில் கிடைக்கும் தண்டவாளம் 1,435 மி.மீ. பாதைக்கானது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. மீட்டர்பாதைக் காலத்தையே செய்ய வேண்டும் என்பது ஓய்வுபெற்ற அலுவலரின் ஆசை. அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் இதே விகிதத்தில் ஏறக்குறையப் பொருந்தும். ஆனால் அதற்கேற்ற நம் ஊர் வண்டிகள் கிடைக்காததால் அவர் விட்டுக்கொடுத்தார்.

வீட்டின் அமைப்பைச் சொல்லாமல் மேற்கொண்டு செல்ல இயலாது. இத்தகைய வீடுகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், உரியதாக அறைகள் பிரிந்திருக்கும். முகப்பு, பட்டாலை, வளவு (உள்முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஆகியவை பங்காளிகள் அனைவருக்கும் பொது. கல்யாணமோ, முன்னோருக்குச் செய்யும் படைப்போ வந்தால் வெளியூர்களில் இருக்கும் பங்காளிகள் எல்லோரும் வந்து கூடுவார்கள். அப்போது பொது இடம் முழுவதும் ஒழிந்திருக்க வேண்டும். குழுவில் இருந்த வீட்டுக்காரருக்கு அந்த வீட்டில் முழு உரிமையோடு இருந்தது வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டை ஒட்டிய ஓர் அறை மட்டுமே. ஓட்டிப் பார்ப்பது பட்டாலையில், வைத்துப் பூட்டுவது அந்த அறையில் என்ற நிலையில், மேடை பெயர்த்தெடுக்கக்கூடியதாக இருப்பது தொடக்கத்திலிருந்தே கட்டாயம். முதல் மேடையைச் செய்தபோது இது போதிய அளவு எண்ணப்படவில்லை.

பழைய மேடையும் அது அறுக்கப்பட்டதும்

முதல் மேடை எட்டடிக்கு நான்கடி, 19 மி.மீ. பிளாக்போர்டு (நடுவில் மரக்கட்டைகளை வைத்து ஒட்டிய பலகை). அதன் கீழே வீட்டில் கிடந்த பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு மூன்றுக்கு இரண்டு அங்குலத்தில் சுற்றுச்சட்டமும் குறுக்குச் சட்டங்களும் அடிக்கப்பட்டிருந்தன. பலகை ஏறக்குறைய 30 கிலோ, சட்டங்கள் 25 கிலோவுக்கு மேல். குன்றுக்காக இட்ட பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தண்டவாளமும் சேர்ந்தபோது 70 கிலோவைத் தாண்டியது. வேலையில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் ஏறி நின்றாலும் அசையாது. மேடை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்து வந்த படைப்பின்போது அதைப் பட்டாலையிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. நான்கு பேர் அதைச் செங்குத்தாக நிறுத்தித் தூக்கிச் சென்று இரண்டாங்கட்டின் வாசலை அடைந்தார்கள். நான்கடி உயரம் வாசலுக்குள் நுழைந்தது. ஆனால் வாசலைத் தாண்டியதும் நான்கடி அகல நடையில் உடனே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதால், எட்டடி நீளம் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தபோது சட்டத்தின் மூலை நிலையின் செதுக்கு வேலைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. நூறாண்டு பார்த்த பர்மாத் தேக்கு நிலை அது. பங்காளிகள் அனைவருக்கும் பொதுவானது. வீட்டுக்காரர் அங்கேயே வேலையை நிறுத்தச் சொன்னார். மேடையை வளவில் இறக்கி, நடுவில் கைரம்பத்தால் இரண்டாக அறுத்து, இரு பாதிகளாக உள்ளே கொண்டு சென்றார்கள்.

படைப்பு முடிந்து இரு பாதிகளையும் மீண்டும் சேர்த்தபோது, அறுத்த இடத்தில் தண்டவாளம் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. விலகியிருந்தது. எச்.ஓ. சக்கரங்களின் விளிம்பு ஆழம் பொதுவாக 0.64 மி.மீ. தான், ஒன்றரை மி.மீ. விலகலை எந்த வண்டியும் கடக்காது. அட்டையைச் செருகியும் திருகாணிகளை முடுக்கியும் சரிசெய்யப் பார்த்தார்கள். ஒரு நாள் ஓடும், மறுநாள் கவிழும். இந்த நிலையில்தான் பழையதைக் கைவிட்டு அடிமேடையைப் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று.

வழியை முதலில் அளந்தார்கள்

புதிய மேடைக்கு வரைபடம் போடுமுன், அறையிலிருந்து பட்டாலை வரையிலான வழி முழுவதையும் நாடாவால் அளந்தார்கள். இந்த ஒரு செயல்தான் பின்னர் வந்த பெரும்பாலான முடிவுகளைத் தானாகவே தீர்த்துவைத்தது என்று கருதுகிறேன். அறைவாசலின் உள் அகலம் இரண்டடி நான்கு அங்குலம். காலை உயர்த்தித் தாண்ட வேண்டிய வாசற்படி. தாண்டியதும் மேற்சொன்ன நான்கடி நடை. அதன்பின் வளவின் ஓரமாக, தூண்களுக்கு இடையே ஒரு திருப்பம். வெளியூர்க் காட்சிக்குப் போவதானால் குட்டி யானை வண்டியின் தட்டு.

நடையில் திரும்பக்கூடிய மிகப் பெரிய நீளம் எது என்பதை, பேக்கிங் அட்டைகளை ஒட்டிச் செய்த வெற்றுப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்து நடந்து பார்த்துத் தீர்மானித்தார்கள். 1,200 மி.மீ. எளிதாகத் திரும்பியது, 1,500 மி.மீ. திரும்பினாலும், பிடித்திருப்பவரின் முழங்கை நிலையில் உரசியது. ஆகவே நீளம் 1,200, அகலம் 550 மி.மீ. என்று நிர்ணயித்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் என்-டிராக் என்ற பெயரில் தொடங்கிய துண்டு மேடை முறையிலும் நான்கடிக்கு இரண்டடி என்பதே வழக்கமான அளவு. அளவுகள் இப்படி ஒத்துப்போனது தற்செயல் அன்று. ஒரு மனிதர் இரு கைகளை விரித்துப் பிடித்து ஒரு வாசலைக் கடக்கும் அளவு எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மொத்தம் நான்கு துண்டுகள், நீளம் 4.8 மீட்டர். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பயணிகள் பெட்டி ஒன்றின் உடல் நீளமான 21.3 மீட்டர் இந்த அளவில் 245 மி.மீ. ஆகிறது, டீசல் இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். எனவே நிலையத்தின் நடைமேடை இரண்டு துண்டுகளின் மேல் பரவியே ஆக வேண்டும். பாதைமாற்றி எதுவும் இரு துண்டுகளின் இணைப்பில் வரக்கூடாது, தண்டவாளம் இணைப்பைச் செங்கோணத்தில்தான் கடக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற அலுவலர் பிடிவாதமாக நின்றார். அதற்காக நிலைய வரைபடம் மும்முறை திருத்தப்பட்டது.

எடைக் கணக்கு

எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றியது அலுமினியம். அதன் குழாய்கள் காரைக்குடியிலேயே கிடைக்கும். ஆனால் மூலைகளை வெல்டிங் செய்வதோ ரிவெட் அடிப்பதோ குழுவில் எவருக்கும் கைவராத வேலை. பின்னாளில் நிலப்பரப்பை மாற்றும்போது ஒரு கட்டையைத் திருகி வைக்கவும் கழற்றவும் மரத்தில் உள்ள வசதி உலோகத்தில் இல்லை. மேலும், தண்டவாளத்தின் மின்கம்பிகள் உலோகச் சட்டத்தில் உரசிக் குறுக்குத்தொடுப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் அச்சமும் இருந்தது. சட்டத்துக்கு அலுமினியம் வேண்டாம், கால்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று முடிவாயிற்று.

அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் 1960-களில் பரப்பிய எல்-கர்டர் முறையையும் பரிசீலித்தார்கள். இரண்டு மரப்பட்டைகளை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் ஒட்டி உத்திரமாக்கி, அதன் மேல் குறுக்குச் சட்டங்களைத் தேவைப்பட்ட இடங்களில் திருகும் அந்த முறை, நிலையாக ஓர் அறையில் இருக்கும் அமைப்புக்கு மிக அருமையானது. ஆனால் அது ஆழம் மிகுந்தது; துண்டுகளாகப் பிரித்துச் சுமப்பதற்கு ஏற்பட்டதன்று.

இந்த இடத்தில் குழுவுக்கு வழிகாட்டியவர் உள்ளூர் ஆசாரி ஒருவர். பழைய வீடுகளின் கதவு, நிலைகளைப் பழுதுபார்ப்பவர் அவர். பழைய மேடையின் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பலகை தடிச்சா பலம்னு இல்லீங்க அய்யா. படுத்த பலகைய நிமித்தி வைங்க, மெல்லிசே போதும்" என்றார். மாணவர் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார். வளைவை எதிர்க்கும் திறன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும் ஆழத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடும். 600 மி.மீ. அகலமுள்ள 19 மி.மீ. பலகையைப் படுக்க வைத்தால் அதன் மதிப்பு ஏறக்குறைய 3,43,000, 6 மி.மீ. பிளைவுட்டை 100 மி.மீ. உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தால் ஒரு பட்டைக்கே 5,00,000, இரு ஓரங்களுக்கும் சேர்த்து 10,00,000. எடையிலோ, 1,200 மி.மீ. நீளத்துக்குப் பலகை ஏழு கிலோவுக்குக் குறையாது. நிமிர்ந்த இரண்டு பட்டைகளும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. இந்தக் கணக்கைத் தாளில் கண்டபின் குழுவில் ஒருவரும் பிளாக்போர்டைப் பற்றி மீண்டும் பேசவில்லை.

மேல்தளத்துக்கு மரமே வேண்டாம் என்பது அடுத்த முடிவு. தெர்மாகோல் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வெட்டினால் மணிமணியாக உதிர்ந்து பாதைமாற்றியின் நாக்குகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அழுத்தினால் குழியும். மாடித் தளங்களில் வெப்பத் தடுப்புக்காகப் பதிக்கும் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை அதைவிட அடர்த்தியானது, கத்தியால் சீராக வெட்டுப்படுவது. கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 முதல் 35 கிலோதான். 25 மி.மீ. கனத்தில் ஒரு மேடைத் துண்டுக்குத் தேவையானது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். திருச்சியிலிருந்து அதை வரவழைத்தார்கள்.

சோதனைத் துண்டு

நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்காமல் ஒரு துண்டை மட்டும் செய்து பார்த்தது நல்ல முடிவு. அதில் மூன்று செய்திகள் தெரியவந்தன.

முதலாவது பசை. சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை நுரைப்பலகையில் தடவியதும், சில நிமிடங்களில் பலகை உருகிக் குழிந்தது. அப்பசையில் உள்ள கரைப்பான், இந்த நுரையின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். நீரில் கரையும் வெள்ளைப் பசைக்கு மாறினார்கள். அது நுரையைத் தின்னவில்லை. ஆனால் காற்று புகாத நுரைக்கடியில் அது உலர நெடுநேரமாகும் என்பதால், மேலே எடை வைத்து இரண்டு நாள் அசைக்காமல் விட வேண்டியிருந்தது.

இரண்டாவது வெப்பம். தண்டவாளத்தில் மின்கம்பியைப் பற்றவைக்கும்போது சாலிடரிங் இரும்பின் சூடு நுரையில் பள்ளம் விழச் செய்தது. மேடைத் துண்டின் இரு முனைகளிலும் தண்டவாளம் மிக உறுதியாக அமர வேண்டிய இடத்தில் நுரைக்கு மாறாக 6 மி.மீ. பிளைவுட் பட்டை பதிப்பது என்றும், நடுப்பகுதியில் கம்பிகளைத் தண்டவாளம் பதிக்குமுன் மேசையில் வைத்தே பற்றவைத்துவிடுவது என்றும் தீர்மானித்தார்கள். இந்த நுரை தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கவில்லை. மரமே நிறைந்த பழைய வீட்டில், பற்றவைப்பு வேலை முழுவதும் முற்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் வகுத்த விதி இன்றும் தொடர்கிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. சோதனைத் துண்டு வளையவில்லை, ஆனால் முறுக்கிக்கொண்டது. ஒரு மூலையைத் தூக்கினால் அதற்கு எதிர்மூலை கீழே தங்கியது. வளைவுக்குக் கணக்குப் பார்த்தவர்கள் முறுக்குக்குப் பார்க்கவில்லை. அடியை மற்றொரு பலகையால் மூடிப் பெட்டியாக்கினால் முறுக்கு முற்றிலும் நின்றுவிடும். ஆனால் மின்கம்பிகளை அணுக வழியிராது. நேர்க்குறுக்காக இருந்த மூன்று விலாச் சட்டங்களை எடுத்துவிட்டு, பாலத்தின் இரும்புச் சட்டகத்தில் காண்பதுபோல நான்கு சாய்வுப் பட்டைகளை ஓரத்துக்கு ஓரம் வளைந்து வளைந்து செல்லுமாறு அமைத்தார்கள். சாய்ந்த விலாக்கள், மேடை முறுக்கும்போது தாமும் வளைந்தாக வேண்டியிருப்பதால், அந்த முறுக்கைத் தடுக்கின்றன. கூடிய எடை முந்நூறு கிராம் அளவுதான். மூலையைத் தூக்கியபோது மேடை முழுவதும் ஒன்றாக எழுந்தது.

பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 303-இல் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரு வகைகள் உண்டு. பின்னது ஈரத்தை மேலும் தாங்கும் பசையால் ஆனது. விலை வேறுபாடு இருந்தாலும் பின்னதையே வாங்கினார்கள். கடையில் 6 மி.மீ. என்று விற்பது பெரும்பாலும் அதைவிடச் சற்று மெலிந்தே இருந்ததால், காடிகளை எண்ணைப் பார்த்து வெட்டாமல் கையில் இருந்த பலகையை வைத்துக் கோடிட்டு வெட்டினார் ஆசாரி. ஒரே எட்டடி ஷீட்டில் நான்கு துண்டுகளின் ஓரப் பட்டைகளும் சாய்வுப் பட்டைகளும் அடங்கின. மெல்லிய பலகையின் ஓரத்தில் ஆணி அடித்தால் அடுக்குகள் பிரிந்துவிடும். ஆகையால் மூலைதோறும் சில்வர் ஓக் கட்டை வைத்துப் பசையால் ஒட்டி, பசை காயும்வரை மட்டும் திருகாணி போட்டார்கள். நுரைத்தளத்தோடு சேர்த்து ஒரு வெற்றுத் துண்டு நான்கு கிலோ நின்றது.

இணைப்பு

மேடையின் உயிர் இணைப்பில் இருக்கிறது. பழைய மேடையை அறுத்தபின் சேர்த்தபோது போல்ட்டை முடுக்கி நேர்ப்படுத்த முயன்றதுதான் அதன் கோளாறு என்று ஆசாரி எடுத்துச் சொன்னார். செட்டிநாட்டுப் பழைய கதவுகளில் கதவைத் தன் இடத்தில் நிறுத்துவது மேலும் கீழும் உள்ள குடுமி, அதாவது கதவு சுழலும் முளை; தாழ்ப்பாள் பிடித்து வைக்கிறதே தவிர நேராக்குவதில்லை. அவ்வாறே இங்கும் நேர்ப்படுத்துவது ஒன்றாகவும் இறுக்கிப் பிடிப்பது மற்றொன்றாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இதன்படி, மேடைத் துண்டின் இரு முனைத் தட்டுகளை மட்டும் 12 மி.மீ. பிளைவுட்டில் செய்தார்கள். அடுத்தடுத்து வரவேண்டிய இரண்டு துண்டுகளின் முனைத் தட்டுகளை, சட்டத்தில் பொருத்துமுன் ஒன்றோடொன்று கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் ஒரே துளையிடலில் துளைத்தார்கள். லேத் பட்டறையில் கடைந்த 10 மி.மீ. பித்தளை முளை ஒன்றிலும், அதற்கேற்ற பித்தளைக் குழல் எதிரிலும் எப்பாக்ஸியால் பதிக்கப்பட்டன. ஓர் இணைப்புக்கு இரண்டு, இடையே 400 மி.மீ. இறுக்குவதற்கு இரண்டு 8 மி.மீ. போல்ட்டுகளும் விங் நட்டுகளும். போல்ட்டுக்கான துளை வேண்டுமென்றே 10 மி.மீ. ஆக்கப்பட்டது, போல்ட் சற்று ஆடினாலும் முளை ஆடாது. ஒவ்வோர் இணைத் தட்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருப்பதால் மாற்றிப் பொருத்த இடமில்லை.

தண்டவாள முனைகளுக்கு மின்சுற்றுப் பலகைக்கான செம்புத் தகடு பூசிய பட்டை பயன்பட்டது. அதை முனையிலுள்ள பிளைவுட்டில் ஒட்டித் திருகி, இரு துண்டுகளையும் சேர்த்து இறுக்கிய நிலையிலேயே தண்டவாளத்தைத் தொடர்ச்சியாக அதன் மேல் பற்றவைத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையே செம்பை கீறிப் பிரித்து, இறுதியில் மெல்லிய ரம்பத்தால் இணைப்பின் மேல் அறுத்தார்கள். சேர்த்து வைத்துப் பின்னர் அறுத்ததால் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியே பிறந்தன. விலகல் கால் மி.மீ.க்குள் நின்றது. சூடு இருபது டிகிரி ஏறி இறங்கினால் 1,200 மி.மீ. நீளத் தண்டவாளம் 0.4 மி.மீ. அளவு நீளும், சுருங்கும். ரம்பத்தின் வெட்டுவாயே அதற்குப் போதுமான இடைவெளியைத் தந்தது.

கால்கள், தரை, சுமை

கால்கள் 25 மி.மீ. சதுர அலுமினியக் குழாய். தொண்ணூறு செ.மீ. கால் ஒன்று முந்நூறு கிராமுக்கும் குறைவு. அதே உயரத்துக்கு இரண்டு அங்குலச் சில்வர் ஓக் கால் ஒரு கிலோவைத் தாண்டும். முதல் துண்டுக்கு நான்கு கால்களும், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு கால்களும் வைத்து, அவற்றின் மறுமுனை முந்தைய துண்டின் மேல் தாங்குமாறு அமைத்ததால், பதினாறு கால்களுக்குப் பத்தே போதுமானது. தண்டவாளத்தின் உயரம் தரையிலிருந்து 40 அங்குலம்.

காலின் அடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் அதன்கீழ் ரப்பர் புஷ்ஷும் உண்டு. ரப்பர் புஷ் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்காகவே போடப்பட்டது: கண்ணாடியின் மேல் வார்த்தெடுக்கப்படும் அந்தக் கல்லின் மழமழப்பில் உலோகக் கால் கீறலும் போடும், வழுக்கவும் செய்யும்.

சுமப்பதற்கு இரண்டு துண்டுகளை முகத்துக்கு முகம் கவிழ்த்து, இரு முனைகளிலும் ஒரு பலகையை அதே போல்ட் துளைகளில் முடுக்கினால் ஒரு பெட்டி உருவாகும். மரமும் கட்டடமும் உள்ளே ஒன்றையொன்று நோக்கியபடி இருக்க, தண்டவாள முனைகளும் பலகையின் மறைவில் பத்திரமாக இருக்கும். தண்டவாளம், கம்பி, நிலப்பரப்பு எல்லாம் சேர்ந்து ஒரு துண்டு ஆறரை கிலோ. பெட்டி முழுவதும் ஏறக்குறைய 15 கிலோ. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வாசற்படியைத் தாண்டி, நடையில் திரும்பினார்கள். நிலையில் எதுவும் படவில்லை.

மின்கம்பி இணைப்பில் புதுமை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரே நிறத்தில் இரு தடித்த கம்பிகள். தலைகீழாகச் செருக முடியாத பிளக்.

வெளியூர்க் காட்சியும் மழைக்காலமும்

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு அமைப்பு முதன்முறையாக வெளியே சென்றது. குட்டி யானையில் இரண்டு பெட்டிகளும் கால்கட்டும் ஏற்றியபின்னும் இருவர் உட்கார இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு செ.மீ.க்கு மேல் சரிந்திருந்தது. ரசமட்டத்தை வைத்துக் கால் திருகுகளால் அதைச் சரிசெய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வண்டி ஓடத் தொடங்கியது. இணைப்புகளில் ஒரு பெட்டிகூடத் தடம்புரளவில்லை. நண்பகலுக்குமேல் இரண்டாம் துண்டில் ஒரு கம்பி அறுந்தது. அதை மட்டும் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்க முயன்றபோது, இரண்டே கால்கள் கொண்ட அந்தத் துண்டு தனியாக நிற்கவில்லை. அதைச் சார்ந்து நின்ற மூன்றாம், நான்காம் துண்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு நால்வர் நிற்க, ஐந்தாமவர் தரையில் படுத்துப் பற்றவைத்தார். சிறுவர்கள் அதை ஆவலோடு பார்த்தார்கள் என்றாலும், காட்சி நெடுநேரம் நின்றுபோனது.

ஐப்பசி மழை தொடங்கியபின் வேறொரு குறை வெளிப்பட்டது. அறையிலிருந்து எடுத்துச் சேர்த்தபோது மூன்றாம் இணைப்பில் தண்டவாளத்தின் உயரம் வேறுபட்டது. பக்கவாட்டில் சரி, மேல்கீழாக அரை மி.மீ. படி. காரணத்தைத் தேடியதில், அந்தத் துண்டின் முனைத் தட்டு வெளிப்புறம் மட்டும் வண்ணம் பூசப்பட்டு, உட்புறமும் அறுத்த ஓரங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தது தெரிந்தது. வெறுமையான பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிய, பூசிய பக்கம் அப்படியே இருக்க, தட்டு வளைந்துவிட்டது. இரு பக்கமும் ஒன்றுபோல் பூசப்பட்ட மற்ற தட்டுகள் வளையவில்லை என்பது இதை உறுதிப்படுத்தியது. முளைகள் இரண்டும் தட்டின் கீழ்ப்பகுதியில் இருந்ததால், மேல்விளிம்பு வளைவதைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. மழை ஓய்ந்து தட்டு உலர்ந்தபின் வேறுபாடு பெரும்பாலும் குறைந்தது. ஆனால் முழுவதும் போகவில்லை.

கரையான் பற்றிய அச்சமும் அப்போதுதான் எழுந்தது. பெட்டிகள் இப்போது தரையில் வைக்கப்படுவதில்லை. சுவரைத் தொடாமல், கருங்கல் பாளங்களின் மேல் நிற்கின்றன.

மாற்றப்படுபவை

அடுத்து ஐந்தாம் துண்டு ஒன்று தயாராகிறது. பட்டைகள் அனைத்தும் வெட்டியவுடன், சேர்க்குமுன்பே, இரு பக்கமும் ஓரங்களும் துளைகளின் உட்புறமும் வார்னிஷ் பூசப்படுகின்றன. பசை படும் இடங்கள் மட்டும் காகிதப் பட்டையால் மறைக்கப்படுகின்றன. முனைத் தட்டின் உயரம் அப்படியே இருந்தாலும், முளைகள் கீழிருந்து மேலேற்றப்பட்டு, தண்டவாளத்துக்கு நேர்கீழே எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வைக்கப்படும். பழைய மூன்றாம் இணைப்பில் தட்டை மாற்றினால் தண்டவாளத்தையும் மீண்டும் பற்றவைத்து அறுக்க வேண்டும். அந்த வேலையை மழைக்குமுன் செய்வதா பின்பு செய்வதா என்பதில் குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. மரம் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியிலோ நனைந்திருக்கும் ஐப்பசியிலோ அன்றி, இடைப்பட்ட தை, மாசியில் செய்வதே நியாயம் என்று நான் கருதினேன். ஆசாரியும் அதையே சொன்னதால் அப்படியே முடிவாயிற்று.

கால்களின் எண்ணிக்கையை மீண்டும் பதினாறாக்க வேண்டும் என்று ஆசிரியர்களில் ஒருவர் கேட்டார். அதனால் கூடும் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் பொருத்தும் நேரம் கூடும், சமன்படுத்த வேண்டிய திருகுகளும் கூடும். அதற்கு மாறாக, எந்தத் துண்டின் கீழும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய, மடக்கும் தாங்கி இரண்டு மட்டும் தனியாகச் செய்வது என்று ஒப்புக்கொண்டார்கள். அவற்றின் உயரம் கால்களைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்கும். மீதியை நீண்ட திருகு ஈடுசெய்யும். குழாய் வாங்கியாயிற்று, கீல்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.